கணக்குப் பரீட்சை அன்று

என் தங்கையின் பரீட்சைக்கு அட்டவணை போட்டது நான்தான். வேறு யாரையும் அதில் கை வைக்க விடவில்லை. பஸ் டிப்போவில் எனக்கு வேலையே அதுதான். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுவேன். நூற்றுப்பத்து டிரைவர்களைக் கட்டி மேய்க்கிறவளுக்குப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைப் படிக்க வைப்பது பெரிய காரியமா என்ற திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சின்னவள் மக்கு இல்லை. ஆனால் அவள் படிக்கிற விதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கம் படிப்பாள், புத்தகத்தை மூடுவாள், எழுந்துபோய் அதை அப்பாவிடம் சொல்வாள். அப்பா வயரிங் வேலை செய்கிறவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பழைய சுவிட்ச் எதையாவது கழற்றிக்கொண்டே கேட்பார். "இரு இரு, அது ஏன் அப்படி ஆகுது?" என்பார். பதில் தெரியவில்லை என்றால் இவள் மறுபடி ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறப்பாள். ஒரு பாடத்துக்கு இப்படி நாலு நடை.

"படிக்கிறீங்களா, ரெண்டு பேரும் அரட்டை அடிக்கிறீங்களா?" என்று நான் கத்துவேன்.

"டிப்போ மேனேஜர் வந்தாச்சு, ஓடிடு" என்பார் அப்பா.

அவள் மார்க் எல்லாம் அந்த நாலு நடையில்தான் வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நான் படித்த காலத்தில் என்னிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்து தேறியவள் நான்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பா படுத்துவிட்டார். ஈரலில் கோளாறு என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரியே கதி என்று ஆனாள். நான் சின்னவளைப் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கவனம் சிதறும் என்று அவள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். சித்தி வீட்டுச் சுவரில் என் அட்டவணையை ஒட்டினேன். பாடத்துக்கு ஒரு நிறம், திருப்புதலுக்கு ஒரு நிறம், பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுத ஒரு நிறம். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்கூடக் கட்டம் இருந்தது.

சின்னவள் அதை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். "அக்கா, இதுல அப்பா எங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அரை மணி நேரம்."

"தினமும் வேணும்க்கா."

"போய் வரவே ரெண்டு மணி நேரம் ஆகும். அதுல ஒரு பாடத்தை முடிச்சிடலாம்."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. அதற்குப் பிறகு சமையலறை வாசலில் நின்று கதவைப் பார்த்துப் பாடம் சொல்கிறாள் என்று சித்தி சொன்னாள்.

மூன்று ஞாயிறு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நாலாவது ஞாயிறு அப்பா முகம் மஞ்சளாகி, கால் வீங்கிக் கிடந்தார். அதைப் பார்த்தால் படித்ததெல்லாம் மறந்துவிடும் என்று அவளைக் கூட்டிப்போகவில்லை. "பரீட்சை முடியற வரைக்கும் எனக்கு முடியலைங்கறதை அவகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்று அப்பாவும் ஒரு தடவை சொல்லியிருந்தார். எழுந்து நடமாடிக்கொண்டிருந்த நாளில் சொன்னது அது. அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது பரீட்சை கணக்கு. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அப்பா என் மணிக்கட்டைத் தொட்டார்.

"சின்னவளைக் கூட்டிட்டு வர்றியாம்மா?"

"நாளைக்குக் கணக்குப் பரீட்சைப்பா. முடிஞ்சதும் நேரா இங்கதான் கூட்டிட்டு வருவேன்."

சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, நான் ஏதோ மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, மறுபடி கேட்டார். அம்மா எழுந்து வந்தாள். "ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வந்துடேன்டி. ஒரு நாள் படிக்கலைன்னா குடியா முழுகிடும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷப் படிப்பை ஒரே சாயங்காலத்தில் கெடுக்கப் பார்க்கிறீர்களா என்று அம்மாவிடம் சீறினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் பதினொன்றே காலுக்கு அவர் போய்விட்டார். சின்னவளுக்குப் பரீட்சை ஒரு மணி வரை இருந்தது.

ஒரு மணிக்கு நான் பள்ளி வாசலில் நின்றேன். முகத்தைக் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு போயிருந்தேன். அவள் குதிக்காத குறையாக வெளியே வந்தாள். ஒன்றுவிடாமல் எழுதினேன் என்றாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் கையில் இருந்த வினாத்தாளைப் பார்த்தேன். இன்னும் இரண்டு பாக்கி, நாலே நாள் என்று என் டிப்போ புத்தி சொன்னது. அவளைச் சித்தி வீட்டில் விட்டு, சித்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, பரீட்சை முடியும்வரை வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்று சாயங்காலமே அப்பாவை எடுத்தோம். சின்னவள் இல்லாமல் எடுத்தோம். "பெரியவளுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

நாலு நாளும் போய் அவளைப் பார்த்தேன். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டபோதெல்லாம் தூங்குகிறார் என்றேன்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுது புரளுவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் பையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"எந்தப் பரீட்சை அன்னைக்கு?"

"கணக்கு" என்றேன்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

அம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அம்மா என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அப்பா தன்னைத் தேடவே இல்லை என்று இவள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாளே.

"கேட்டாரு. முந்தின நாள் சாயங்காலம். ரெண்டு தடவை."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்குக் கணக்குப் பரீட்சைன்னு சொன்னேன்."

அவள் என்னைத் தாண்டிப்போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பை இன்னும் தோளிலேயே இருந்தது. "எனக்குக் கணக்கு எல்லாம் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியுமேம்மா" என்றாள்.