மறியலுக்குப் போன சோற்றுக்குண்டான்

அன்று செவ்வாயா புதனா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான். குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே ஒரு பேரூராட்சியில், தலைவர் சடையப்பனின் பதவி கவுன்சிலர் ராஜ்கமலின் ஒற்றை ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானம்.

பசியோடு வீட்டுக்கு வந்த ராஜ்கமல், அடுப்படியில் சோற்றுக்குண்டானையே காணாமல் தெருவுக்கு ஓடினான். ரேஷனில் இரண்டு மாதமாக அரிசி இல்லை என்று பெண்கள் காலிக் குண்டான்களோடு மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவன் மனைவி லோகநாயகி.

“சோறு எங்கடி?”

“உங்க தலைவரக் கேளுங்க. அவருதான நாளைக்கு வருது, நாளைக்கு வருதுன்னு ரெண்டு மாசமா சொல்றாரு.”

பெண்கள் சிரித்தார்கள். அதற்குள் சடையப்பன் போனில் வந்தார். “மாப்ள, போலீஸ வெச்சி கலைச்சிவுடு.”

“எங்க வூட்டுக் குண்டானும் இங்கதான் இருக்குது மாமா,” என்று ராஜ்கமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் அவன் ஓட்டு மாறியது. சடையப்பன் இப்போது சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் நடத்துகிறார். அடுத்த தேர்தலில் லோகநாயகி நின்று ஜெயித்தாள். ராஜ்கமல் சமைக்கப் பழகிவிட்டான். அரிசி மாதாமாதம் வருகிறது.