துறையில் விடப்பட்ட பேழைகள்

குளிர்காலத்துக் கதிரவன் நீலமலைகளின் பின்னே சாய, தைலமரங்களின் நெடுநிழல் தண்டவாளங்களைக் கடந்து ஓட்டுக்கூரைகளின்மேல் ஏறிப் படர, சிட்னி மாநகரின் மேற்கே கிரவீன் என்னும் ஊர், பணி முடித்து மீள்வோரின் ஊர்திகளால் நிறைந்துகொண்டிருந்த மாலைப்பொழுது அது. அவ்வூர்ப் பள்ளி மண்டபத்தில் தமிழ்க் கழகத்தின் ஆண்டுவிழா நாடகத்திற்கு ஒத்திகை நடந்தது. எக்கண்டத்தில் குடியேறினும் முடியும் வாளும் மேடையும் இன்றி நம்மவர்க்கு ஓராண்டும் கழியாது என்பதை, அன்புடையீர், நீவிர் அறிவீர்.

நாடகமோ போர்த்துக்கல் அரசவையைப் பற்றியது. பகைவர் படை தலைநகரை நெருங்க, அரச குடும்பமும் அமைச்சரும் கைக்கெட்டிய செல்வத்தை வாரிக்கொண்டு, கடல்கடந்த தம் குடியேற்ற நாடாகிய பிரேசிலுக்குக் கப்பலேறினர். விரைந்த விரைவில் அரச நூலகத்துப் பேழைகள் துறையிலேயே நனைந்து கிடந்தன. இவ்வரலாற்றை நாடகமாக்கிய வரதராஜா, அப்பேழைகளுக்குக் காவலன் ஒருவனைத் தாமே புனைந்து, கப்பலேற மறுத்து நின்ற கடமை வீரனாக அவனைத் தீட்டியிருந்தார். அவ்வேடம் அவர் தம்பி மகள் நிரூபாவுக்கு.

முப்பது ஆண்டுகளாக அவளுக்கு அவர் சொல்லிவந்த கதையும் அதுவே. போருக்கஞ்சி யாழ்ப்பாணத்தைவிட்டு ஊரே வெளியேறிய நாளில், வீட்டைக் காப்பேன் என்று அவள் தந்தை சுஜீதன் பிடிவாதமாய் நின்றுவிட்டான் என்பார். உண்மை வேறு. உழவு இயந்திரப் பெட்டியில் இன்னும் ஒருவருக்கு இடமிருந்தது. அவ்விடத்தில் தையற்பொறியை ஏற்றி, கொண்டுசெல்வதற்காக வீட்டிலிருந்து கழற்றி அடுக்கிய கதவுகளுக்குக் காவலாகத் தம்பியை நிறுத்தி, அடுத்த நடையில் வந்து ஏற்றுவதாகச் சொல்லிப் போனவர் இவரே. அடுத்த நடைக்குள் வழி அடைபட்டது. தம்பி என்னவானான் என்று ஒருவரும் அறியார். தாயை முன்பே இழந்து கைக்குழந்தையாய் இருந்த நிரூபாவைத் தம் மகளாகவே வளர்த்தவர், உண்மை தெரிந்தால் அவளையும் இழக்க நேருமே என்றஞ்சி வாய்மூடியிருந்தார்.

காவலனின் வீரவுரையைப் பேசிக்கொண்டிருந்த நிரூபா பாதியில் நிறுத்தினாள்.

"பெரியப்பா, இது பொருந்தேல்லை. கப்பல் வெளிக்கிடேக்க பெட்டியளுக்காக ஆரும் தானா நிக்கமாட்டினம். ஆரோ நிக்கச் சொல்லியிருக்கினம். அதை எழுதுங்கோ."

வரதராஜா மேடைப் படியில் அமர்ந்து, ஏட்டை மடித்து வைத்தார்.

"நான்தான் பிள்ளை நிக்கச் சொன்னனான். தையல் மெசினை ஏத்திப்போட்டு, கொப்பரை, என்ர தம்பியை, விட்டிட்டு வந்தனான்."

நிரூபா, அழுகையும் சினமும் கலவாத குரலில் ஒன்றே கேட்டாள்.

"உங்களை நம்பி எத்தினை நாள் நிண்டிருப்பார்?"

அவள் வேடம் களைந்து வெளியேறினாள். நாள்தோறும் அவரை வீட்டில் சேர்ப்பவள் அவளே. அன்றும் விட்டுச் செல்லாது, ஊர்தியை இயக்கி, பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். வாயில்வரை வந்த முதியவர், அவ்வெற்றிருக்கையைக் கண்டதும் அடியெடுத்து வைக்க மாட்டாது நின்று விம்மினார். பொருளுக்கு இடங்கொடுத்து மனிதரை இறக்கிவிட்டவர், பின்னர் எந்நாட்டில் எத்துணைக் காலம் வாழினும், தமக்கென ஒருவர் ஒதுக்கி வைத்த இடத்தில் அமரும் துணிவைப் பெறுவதில்லை.