பத்ரிய்யா யாருடைய ஆள்?

பாக்தாதின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பிள்ளையை உள்ளே சேர்க்கலாம். பெற்றவள் உள்ளே வரக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். தாயைக் கண்டால் பிள்ளை அழும், அழுதால் காய்ச்சல் ஏறும், தாய் அழுக்கோடு வருவாள், அழுக்கோடு கிருமியும் வரும் என்று நாலே வரியில் அச்சடித்து வாசலில் ஒட்டியிருந்தார்கள். அதை எழுதிய மனிதர் எந்தக் காலத்திலும் ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டியிருக்க மாட்டார் என்று சத்தியம் செய்து சொல்லலாம்.

பத்ரிய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. வாசல் காவலாளி மிஜ்பில்தான் பக்கத்தில் யாரோ வாசித்ததைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்தான். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கர்க்கில், ஒரு சந்துக்குள் தந்தூர் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு விற்கிறவள். புருஷன் படகில் பஸ்ரா போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். ஒரே பெண் நஜ்வா. ஐந்து வயது. டைபாய்டு.

ஞாயிற்றுக்கிழமை சேர்த்தபோது டாக்டர் சொன்னார்: “மருந்து நல்ல மருந்துதான். ஆனா வயித்துக்குள்ள கஞ்சி போகணும். கஞ்சி போகலைன்னா மருந்து மட்டும் தனியா என்ன பண்ணும்?”

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மற்ற தாய்மார்களோடு முட்டி மோதிக் கண்ணாடியில் முகத்தைப் பதித்தாள். ஒன்பதாம் கட்டிலில் நஜ்வா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்துப் பெட்டிமேல் கஞ்சிக் கிண்ணம் ஏடு கட்டிக் கிடந்தது. பத்ரிய்யா கண்ணாடியைத் தட்டினாள். பிள்ளை மெல்லத் திரும்பிப் பார்த்தது. மறுபடி சுவர்ப்பக்கமே திரும்பிக்கொண்டது. அழக்கூட இல்லை. பதினெட்டுக் கட்டிலுக்கு ஒரு நர்ஸ். அவள் கிண்ணங்களை வைத்துக்கொண்டே போனாள், கால்மணி கழித்து எடுத்துக்கொண்டே வந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் கை இரண்டுதான்.

“பொண்ணு சாகப் போறா. சட்டம் நல்லா இருக்கும்,” என்று பத்ரிய்யா மிஜ்பிலிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றாள். கூட்டித் துடைக்கும் பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மிஜ்பில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையில் வாளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். குழாயடியில் ஒரு வாளியும் தரைத்துணியும் கேட்பாரற்றுக் கிடந்தன. பத்ரிய்யா மேலே போர்த்தியிருந்த அபாயாவை இழுத்து இடுப்பில் செருகினாள், வாளியைத் தூக்கினாள், நடந்தாள். முந்தின நாள் அவளோடு மல்லுக்கு நின்ற அதே மிஜ்பில், “சீக்கிரம் போம்மா, வழியில நிக்காத,” என்றான்.

வார்டின் தலைமை நர்ஸ் சிஸ்டர் ஷமிரான் மலைமாதிரி இருப்பாள். முப்பது வருஷ சர்வீஸ். அவள் குரலுக்கு இளம் டாக்டர்களே சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவார்கள்.

“ஏய், யாரு நீ? உன்னை யாரு இங்க விட்டது?”

 பத்ரிய்யாவின் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. குனிந்தபடியே துணியைப் பிழிந்தாள்.

“கால கொஞ்சம் தூக்குங்க சிஸ்டர். ஈரம்.”

அந்த வார்டில் சிஸ்டர் ஷமிரானைக் காலைத் தூக்கச் சொன்னவர்கள் அதுவரை ஒருவரும் இல்லை. அவள் தன்னை அறியாமல் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் யோசித்தாள்: இந்தத் துணிச்சல் சும்மா வராது, பின்னால் ஏதோ பெரிய கை இருக்கிறது.

அவள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் சிபாரிசு இல்லாமல் விளக்குமாறுகூட உள்ளே வந்ததில்லை. சிஸ்டர் வந்தது பாதிரியார் கடிதத்தில். மிஜ்பில் வந்தது அவன் ஊர் ஷேக்கின் சொல்லில். ஆட்கள் பதிவேட்டைக் கையில் வைத்திருந்த வஹீத் எஃபந்திக்கு அமைச்சகத்தில் ஒரு மாமா. யாருடைய ஆளும் இல்லாமல் தானாக ஒருத்தி நடந்து வருவாள் என்பது அவர்கள் யார் மூளைக்கும் எட்டாத விஷயம்.

“சரி, உன்னை எப்படிக் கூப்பிடறது? எந்தப் புள்ளையோட அம்மா நீ?” என்றாள் சிஸ்டர், குரலைக் கொஞ்சம் இறக்கி.

அந்த ஊரில் பெற்றவளைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நஜ்வாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்ரிய்யா அதைக் கடித்து விழுங்கினாள். “ஜப்பாரோட அம்மா. உம்மு ஜப்பார்னு கூப்பிடுங்க.” ஜப்பார் என்று அவளுக்கு யாரும் கிடையாது.

தரையைத் துடைத்துக்கொண்டே ஊர்ந்து ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தாள். நஜ்வாவின் கண் திறந்தது. உதடு பிரிவதற்குள் பத்ரிய்யா தன் வாய்மேல் விரலை வைத்தாள்.

“நான் உன் யும்மா இல்ல. தரை துடைக்கிற காலா, யாரோ ஒரு சித்தி. புரியுதா? யும்மான்னு ஒரு தடவை கூப்பிட்டாலும் என்னைத் துரத்திடுவாங்க. எங்க, சொல்லு.”

பிள்ளை வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, “காலா,” என்றது.

“என் தங்கம். வாயத் திற.”

அன்றைக்கு நாலு ஸ்பூன் போயிற்று. மறுநாள் ஏழு. மூன்றாம் நாள் அரைக் கிண்ணம். பெட்டிக்குப் பின்னால் மண்டிபோட்டு, ஒரு கையால் தரையைத் தேய்த்துக்கொண்டே மறு கையால் ஊட்டினாள். பத்தாம் கட்டில் பையன் இதைக் கவனித்துவிட்டு, “காலா, எனக்கு?” என்றான். அப்புறம் நாலாம் கட்டில். அப்புறம் பதினேழு. மத்தியானத் தொழுகை அழைப்பு கேட்பதற்குள் பாதி வார்டுக்கு ஊட்டி முடித்திருப்பாள். நஜ்வாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பத்தாம் கட்டில் பையன் பத்ரிய்யாவின் மடியில் தலைவைத்தபோது இந்தப் பக்கம் ஒரு சின்ன முகம் கோணிக் கோணி அடங்கியது. ஆனாலும் ‘யும்மா’ என்று வாயைத் திறக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை இவ்வளவு நன்றாக நடிக்கிறதே என்று பத்ரிய்யாவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை.

வஹீத் எஃபந்தி பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். உம்மு ஜப்பார் என்று ஒரு பெயரும் இல்லை. கேட்கலாம் என்று எழுந்து வந்தவர், சிஸ்டர் அவளுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்.

“பேர் பதிவேட்டுலயே இல்லைன்னா, எழுத வேண்டாம்னு மேலிடத்துலயே சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம்,” என்று மிஜ்பிலிடம் கிசுகிசுத்தார். “டைரக்டர் வீட்டு ஆளு. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

மிஜ்பில் அதை இன்னும் ஒரு படி ஏற்றினான். வாரக் கடைசிக்குள் அவள் டைரக்டர் மனைவியோடு ஒரே மார்பில் பால் குடித்தவள் என்றாகிவிட்டது. சமையலறையிலிருந்து அவளுக்குப் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கிலேச்சாப் பலகாரம் தனியாக வந்தது. பத்ரிய்யா அதைத் தின்னவும் செய்தாள். ஏன் தின்னக் கூடாது? அந்தத் தரை இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது.

கண்ணாடிக்கு வெளியே தாய்மார்கள் கூடினார்கள். பத்ரிய்யா உள்ளே இருந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கண்ணாடியோரம் காட்டினாள். “காலா, ஏழாம் கட்டில் சாப்பிட்டானா?” என்று வெளியே ஒருத்தி கத்தினாள். “ரெண்டு முட்டை தின்னான், என் கையையும் கடிச்சான்!” என்று இவள் கத்தினாள். எல்லாருக்கும் யாராவது வந்திருந்தார்கள். ஒன்பதாம் கட்டிலுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

“பாத்தியா உம்மு ஜப்பார்,” என்றாள் சிஸ்டர் ஷமிரான், நஜ்வாவின் தலைமாட்டில் நின்றுகொண்டே. “போன வாரம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போனவதான். பெத்துப் போட்டுட்டு எங்க போனாளோ. என்ன தாயோ!”

நஜ்வா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்ரிய்யா வாளியைத் தூக்கிக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போய்விட்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, துணியைக் கல்லில் அடி அடியென்று அடித்தாள். அந்தச் சத்தத்தில் அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. அழுது முடித்தபோது துக்கம் போய்க் கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட நான் ஏன் திருடிமாதிரி ஊர்ந்து போக வேண்டும்? இத்தனை நாள் தோன்றாத கேள்வி அது. தோன்றிய பிறகு போகவே இல்லை.

நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, டைரக்டர் டாக்டர் ஷௌகத் வார்டைச் சுற்றிப்பார்க்க வந்தார். வருஷத்துக்கு இரண்டு தரம் வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. பின்னாலேயே வஹீத் எஃபந்தி. தரையைப் பார்த்து டைரக்டரின் புருவம் உயர்ந்தது.

“பரவாயில்லையே. மூஞ்சி தெரியுது.”

வஹீத் எஃபந்தி இதற்காகத்தான் காத்திருந்தார். “எல்லாம் உங்க தயவு, டாக்டர் ஐயா. நீங்க அனுப்பின ஆளு. தங்கமான கை.”

“நான் யாரை அனுப்பினேன்?”

வஹீத் எஃபந்தியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “அப்ப... சிஸ்டரோட ஆளு.”

“என் ஆளா? நீங்கதானே டைரக்டரோட ஆளுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க!” என்றாள் சிஸ்டர்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்ரிய்யா ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டிருந்தாள். ஒரு கையில் துணி, மறு கையில் ஸ்பூன்.

“நீ யாரோட ஆளும்மா?” என்றார் டைரக்டர்.

ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். இந்தத் தடவை வாயில் பொய்யும் வந்தது, நல்ல பொய்யாகவே வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. எழுந்து நின்றாள்.

“யாரோட ஆளும் இல்ல. நான் இவளோட அம்மா. உம்மு நஜ்வா. இத்தனை நாளா உங்க சட்டத்துக்குப் பயந்து தரையில ஊர்ந்துக்கிட்டிருந்தேன். காய்ச்சல் எறங்கியிருக்கு, எந்த டாக்டரை வேணா கேட்டுப் பாருங்க.”

“ஐயோ,” என்று சிஸ்டர் ஷமிரான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைரக்டர் நம்பவில்லை. இந்த மாதிரிப் பெண்கள் எதையும் சொல்வார்கள் என்பது அவர் எண்ணம். கட்டிலுக்குக் குனிந்து, குரலை இனிப்பாக்கிக்கொண்டு கேட்டார்:

“பாப்பா, பயப்படாத. இது உன் அம்மாவா?”

நஜ்வா அவருடைய கண்ணாடியைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள், பத்ரிய்யாவைப் பார்க்காமலே இருந்தாள்.

“இல்ல. இது காலா. என் யும்மா வரவே இல்ல. வெள்ளிக்கிழமைகூட வரல.”

பத்தாம் கட்டில் பையன் மெல்வதை நிறுத்தினான். 

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் பத்ரிய்யா.  “என்னைத் துரத்திடக் கூடாதுன்னு பெத்தவளை இல்லைங்கிறா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது உங்க சட்டம். கிருமி எங்கிட்ட இருக்குன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே, பதினோரு நாளா உங்க கிருமியெல்லாம் தொடைச்சது யாரு?”

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கத்திப் பழகாதவர், கத்துகிறவர்களோடும் பழகாதவர். விஷயம் பெரிதாகாமல் முடிந்தால் போதும் என்றிருந்தது.

“சரி, சரி. வஹீத், இந்தம்மா பேரைப் பதிவேட்டுல சேர்த்துடு. தரை துடைக்கிற வேலைக்கு. வேலைக்காரியா இருந்தா சட்டத்துல எடம் உண்டு. இப்ப இருக்கிற மாதிரியே இருந்துக்கட்டும். அம்மாங்கிற பேச்சு மட்டும் வேண்டாம்.”

வஹீத் எஃபந்தி அவசரமாகப் பேனாவைத் திறந்தார். சிஸ்டர் ஷமிரான் கண்ணாலேயே கெஞ்சினாள்: ஒத்துக்கொள், பைத்தியமே, ஒத்துக்கொள்.

பத்ரிய்யா கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். அதைப் பிழிந்து, நாலாக மடித்து, வஹீத் எஃபந்தியின் பதிவேட்டின் மேல் வைத்தாள். தண்ணீர் எழுத்துகளுக்குள் ஊறியது.

“வேண்டாம் டாக்டர். அந்த வேலைக்கு ஆள் பாத்துக்குங்க. எனக்கு இங்க வேற வேலை இருக்கு.”

கட்டிலில் உட்கார்ந்தாள். நோயாளிக் கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது என்பது சிஸ்டர் ஷமிரானின் சொந்தச் சட்டம். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்ரிய்யா பிள்ளையைப் போர்வையோடு வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

“இனிமே காலா இல்ல. கூப்பிடு.”

“துரத்திடுவாங்க,” என்றாள் நஜ்வா மெதுவாக.

“துரத்தட்டும் பாக்கலாம். நீ கூப்பிடு. சத்தமா.”

“யும்மா.”

“இன்னும் சத்தமா.”

“யும்மா!”

அந்தக் குரலைக் கேட்டு நாலாம் கட்டில் அழ ஆரம்பித்தது, ஏழு சேர்ந்துகொண்டது, பதினேழு போர்வையை உதைத்துத் தள்ளியது. ஆளாளுக்குத் தங்கள் தங்கள் தாயைக் கூப்பிட்டார்கள். டைரக்டர் அந்த இரைச்சலுக்குமேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“இதுக்குத்தான் வேண்டாம்கிறது! இன்னிக்கு உனக்கு விட்டா நாளைக்குப் பதினெட்டுப் பேரும் வந்து நிப்பாங்க!”

“வரட்டும்,” என்றாள் பத்ரிய்யா, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே. “கட்டிலுக்குக் கட்டில் தரையில ஒரு ஆள் உக்கார எடம் இருக்கு. துடைச்சவ நான், எனக்குத் தெரியும்.”