கோபம் மட்டும் இங்கிலீஷில்

புவனாவுக்குக் கோபம் இங்கிலீஷில்தான் வரும். தமிழில் வராது என்றில்லை, அவள் வரவிட மாட்டாள். துடியலூரில் அவள் வேலை பார்த்த பம்புசெட் கம்பெனியின் கம்ப்ளெய்ன்ட் செக்‌ஷனில் போனை எடுத்தால் வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ங்க’ இருந்தாக வேண்டும். சொல்லுங்க, இருங்க, பாக்கறேனுங்க. எட்டு மணி நேரம் இப்படித் தேனாய்ப் பேசினால் மனுஷிக்கு உள்ளே கொதிக்காதா? கொதிக்கத்தான் செய்யும். அதைக் கொட்டுவதற்கு அங்கிருந்த ஆறு பேருக்கும் இங்கிலீஷ்தான் கிடைத்தது.

அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். காலையில் வரும் ஆளெல்லாம் ‘இரிட்டேட்டிங்’. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ‘ஃப்ரஸ்ட்ரேட்டிங்’. ஒரே ஆள் மூன்றாவது தடவை கூப்பிட்டால் ‘டிஸ்கஸ்டிங்’. பக்கத்து சீட் நஸ்ரியா ஒருநாள் ‘பதெட்டிக்’ என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாள், ஒரு வாரம் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். புவனா தமிழ் மீடியத்தில் படித்தவள். இங்கிலீஷில் ஒரு லீவ் லெட்டர் எழுத இன்றைக்கும் திணறுவாள், ஆனால் திட்டுவதற்கு மட்டும் தடங்கலே கிடையாது. ‘சனியன்’ என்று சொல்ல அவளுக்கு வாய் கூசும். ‘டிஸ்கஸ்டிங்’ என்று சொல்லக் கூசாது. திட்டிய பாவம் தன்மேல் ஒட்டாத மாதிரி இருக்கும்.

நஸ்ரியாவிடம் தமிழில் ஏதாவது பேசவேண்டியிருந்தால், லைனில் இருக்கிற ஆளுக்குக் கேட்கக்கூடாதென்று மறக்காமல் ம்யூட் போடுவாள். இங்கிலீஷில் திட்டுவதற்கு அதெல்லாம் எதற்கு? கூப்பிடுகிறவர்கள் தோட்டங்காட்டு ஆட்கள், அவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம்.

அந்தச் சித்திரையில் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து ஐயாசாமி என்று ஒருவர் தினமும் புவனாவையே கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி மோட்டார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நின்றுபோய்விட்டது. புதிதாக வைத்த இருநூறு தென்னம்பிள்ளை தண்ணியில்லாமல் நிற்கிறது. அந்த ஏரியா மெக்கானிக் லீவில் போயிருந்தான். இதில் புவனா செய்வதற்கு என்ன இருக்கிறது? புகாரைப் பதிந்து, “சொல்லியிருக்கறனுங்க” என்று சொல்வதுதான்.

ஆனால் அவளுக்கு எரிச்சல் வந்தது மோட்டாரால் அல்ல, அவருடைய மரியாதையால். மனுஷர் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார். சாப்பிட்டாச்சுங்களா என்பார். உங்க பக்கம் மழை ஏதாச்சும் உண்டுங்களா என்பார். வேலை நேரத்தில் தொந்தரவு பண்ணுகிறேனே, தப்பாக நினைக்காதீங்க என்பார். அதற்கப்புறம்தான் மோட்டார் வரும், அதுவும் வாங்கிய நாளிலிருந்து தொடங்கும். இங்கே ஒரு போனை மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும், தாண்டினால் கம்ப்யூட்டரில் அவள் பேர் சிவப்பாகிவிடும். ஐயாசாமி கூப்பிட்ட ஐந்து நாளும் சிவப்புதான். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவள் பேரை வாசித்தார்.

ஆறாம் நாளும் அவரே கூப்பிட்டார். சாப்பாட்டை விசாரித்து, மழையை விசாரித்து முடிப்பதற்குள் இரண்டு நிமிஷம் போய்விட்டது. புவனா பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒரு நிமிசம் லைன்லயே இருங்கய்யா, பாத்துச் சொல்றனுங்க” என்றாள். பிறகு நாற்காலியைத் திருப்பி நஸ்ரியாவிடம் பொரிந்து தள்ளினாள். சோ இரிட்டேட்டிங். டிஸ்கஸ்டிங் ஃபெல்லோ. நோ சென்ஸ் அட் ஆல். ஐ ஆம் ஃபெட் அப் வித் ஹிம். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. திரும்பவும் தேன் குரலில், சீக்கிரமே ஆள் வருவாங்கய்யா என்று சொல்லி போனை வைத்தாள்.

கால்மணி நேரம் கழித்து வேறொரு நம்பரிலிருந்து ஒரு பெண் புவனாவைக் கேட்டுக் கூப்பிட்டாள். ஐயாசாமியின் மகள் ரித்திகா என்றாள், கோயமுத்தூரில் காலேஜ் கடைசி வருஷம் படிப்பதாகவும் பரீட்சை லீவுக்கு வீட்டுக்கு வந்திருப்பதாகவும் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் புவனாவுக்கு விநோதமாக இருந்தது.

“அக்கா, அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. நானும் பக்கத்துல இருந்தனுங்க.”

புவனாவின் கண் ம்யூட் பட்டனுக்குப் போனது. அதை அவள் அமுக்கியிருக்கவில்லை.

“அம்மணி யாரையோ கோவமாப் பேசுதே, என்ன கண்ணுன்னு அப்பா கேட்டாங்க. நமக்காக அந்த மெக்கானிக்கை வைறாங்கப்பான்னு சொல்லிப்போட்டேன். அப்பாகிட்ட இதுக்கு முன்ன நான் பொய் சொன்னதில்லீங்கக்கா. நாளைக்காச்சும் ஆளை அனுப்பியுடுங்க.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. இந்தச் சின்னப் பெண் தனக்காகப் பொய் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்று புவனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய அப்பாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர்தான். அவரும் முதலில் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார். அவரை ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் தான் சும்மா விட்டிருப்போமா என்று நினைத்தாள். கண்ணாடியில் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சீ, என்ன பொம்பளை நான் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்தவள் நேராக சர்வீஸ் மேனேஜர் கிருபாசங்கர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் வரிசைப்படிதான் ஆள் போகும் என்றார். ஆறு நாளாக வரிசையில் நிற்கிறவர்தானே சார் இவர் என்றாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஆபீஸ் பையனை டீ வாங்கிவரச் சொன்னார். இவள் நகரவில்லை. கடைசியில் பொள்ளாச்சியிலிருந்து நிதீஷ் என்ற மெக்கானிக்கை மறுநாள் அனுப்புவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் சீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் சாயங்காலம் ஐயாசாமி கூப்பிட்டார். புவனா அவர் நம்பரை அடையாளம் கண்டுகொண்டாள். வேறு யாராவது எடுக்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். சாப்பிட்டாச்சுங்களா என்றார். சாப்பிட்டனுங்கய்யா, நீங்க சாப்பிட்டீங்களா என்று அவளும் கேட்டாள். ஆறு நாளில் ஒருதடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணி பாய்கிறது, தென்னம்பிள்ளைகளில் பத்துப் பன்னிரண்டு பட்டுப்போய்விட்டது, மற்றது பிழைத்துக்கொள்ளும் என்றார். புண்ணியமாய்ப் போகட்டும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

“ஏனுங்கம்மணி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கய்யா.”

“நேத்து எங்களுக்காக அந்த மெக்கானிக்கை அத்தனை பேச்சுப் பேசிப்போட்டீங்க. எனக்கு இங்கிலீஸ் தெரியாதுங்க. ஆனாக் கேக்கறப்பவே மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சு. இன்னைக்கு அந்தத் தம்பி அத்தனை வெயில்ல வண்டியோட்டிட்டு வந்து நிக்கறப்ப, நம்மாலதானே இந்தப் பையன் வசவு வாங்குச்சுன்னு மொகத்தைப் பாக்கவே முடியலீங்க. எந்த மனுசனையும் அப்படிப் பேசாதீங்க கண்ணு.”

 நிஜத்தைச் சொல்லிவிடலாமா என்று புவனாவுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் பொய்க்காரி ஆகிவிடுவாள், இந்த மனுஷருக்கும் இன்று ராத்திரி சோறு இறங்காது.

“மன்னிச்சுக்குங்கய்யா” என்றாள்.

“அட, எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க?” என்று பதறிப்போனார் ஐயாசாமி. “யாரை வைஞ்சீங்களோ அவருகிட்டக் கேளுங்க.”