ரிம்காவுதஸ் எறிந்த பந்து

1986 மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வில்னியஸ் நகரத் தொழிற்சாலைகளுக்கான கூடைப்பந்து இறுதிப் போட்டியில் ரிம்காவுதஸ் எறிந்த பந்து வளையத்துக்கு ஒரு முழம் மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. டிராலிபஸ் பணிமனை அணி 58, பால் பண்ணை அணி 59. ஆட்டம் முடிய இரண்டு வினாடி பாக்கி. அரங்கில் இருந்த நானூறு பேரும் பந்து விழும் என்று கால் மணி நேரம் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு கால் வலித்து உட்கார்ந்தார்கள். தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து ஏறித் தள்ளினார்கள். கனமான ஆட்கள் மூன்று பேர் அதைப் பிடித்துத் தொங்கினார்கள். பந்து அசையவில்லை, தொங்கியவர்களில் ஒருவருக்கு இடுப்புதான் பிடித்துக்கொண்டது. நடுவர் ஸெனோனஸ் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, பந்து காற்றில் இருக்கும்வரை ஆட்டம் முடியாது என்று அறிவித்தார். கோப்பையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் குளிர்பதனப் பெட்டிமேல் வைத்துக்கொண்டார். ஊதலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

ரிம்காவுதஸுக்கு அப்போது இருபத்தேழு வயது. நான்கு வருஷத்தில் அவர் களத்தில் ஆடியது மொத்தம் பதினோரு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர்களின் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அணித்தலைவர் ஐந்து தவறு செய்து வெளியேறியதால், வேறு வழியில்லாமல் இவரை இறக்கினார்கள். கைக்கு வந்த பந்தை அவர் பாதிக் களத்திலிருந்தே வீசினார். அது நின்றதும் பணிமனை ஆட்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வைதோதஸ் மட்டும் வரவில்லை.

வைதோதஸும் அவரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே நாளில் பணிமனையில் ஓட்டுநராகச் சேர்ந்தவர்கள். பந்து போன நேரத்தில் வைதோதஸ் வளையத்துக்குப் பக்கத்தில் தனியாக, தடுக்க ஆளே இல்லாமல், கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். உடைமாற்றும் அறையில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"கைய தூக்கிக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறேன். எனக்குக் குடுத்திருந்தா கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன். உனக்குப் பேரு வேணும், அதானே?"

ரிம்காவுதஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ அதில் பீரை ஊற்றிவிட்டார்கள். சொல்லவேண்டிய பதில் இதுதான்: அவர் வளையத்துக்கு எறியவே இல்லை. வைதோதஸுக்குத்தான் எறிந்தார். கை நடுங்கியதில் பந்து மூன்று முழம் உயரமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலமே பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள், மறுநாள் பணிமனை வாசலில் அவர் படத்தை மாட்டிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் பொய்யன் என்பார்கள். அப்படியே விட்டுவிட்டார். வைதோதஸ் அதற்குப்பிறகு அவரோடு பேசவில்லை.

எங்கள் நகரம் அந்தப் பந்தோடு வாழப் பழகிக்கொண்டது. கட்சி அலுவலகம் மாஸ்கோவுக்கு எழுதிய அறிக்கையில் அது தற்காலிகத் தாமதம் என்று இருந்தது. நாடு விடுதலை அடைந்தபோது, விடுதலை பெற்ற நாட்டிலாவது பந்து விழும் என்று சிலர் இரண்டு நாள் காத்திருந்து பார்த்தார்கள். பாதிரியார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கூடைப்பந்து சம்பந்தப்பட்டதால் இது தன் அதிகாரத்துக்கு மேற்பட்ட விஷயம் என்று சொல்லிப் போனார். ரூபிள் போய் லிதாஸ் வந்தது, லிதாஸ் போய் யூரோ வந்தது. அரங்கம் முதலில் சோபாக் கடையானது, பிறகு டயர் கிடங்கானது, 2004இல் இடிக்கப்பட்டது. ஆட்டம் முடியாமல் வளையத்தைக் கழற்ற விதி இல்லை என்று ஸெனோனஸ் கடிதம் போட்டதால், அதை மட்டும் சாலையோரக் கம்பம் ஒன்றில் பழைய உயரத்திலேயே மாட்டினார்கள். புதுச் சாலையில் வந்த டிராலிபஸ்ஸின் கூரை பந்தில் இடிக்கும் என்று தெரிந்ததும், மின்கம்பிகளை அந்த இடத்தில் மட்டும் வளைத்துக் கட்டினார்கள்.

அந்த வளைவில், மின்சாரம் எடுக்கக் கூரையில் வைத்திருக்கும் பஸ்ஸின் கம்பங்கள் மின்கம்பியிலிருந்து நழுவும். எல்லோருக்கும் எப்போதாவது நழுவும், ரிம்காவுதஸுக்குத் தினமும் நழுவும். அவர் வண்டியை நிறுத்தி, கையுறை மாட்டி, பின்னால் போய்க் கயிற்றை இழுத்துக் கம்பங்களைத் திரும்ப மாட்டவேண்டும். அதுவும் சரியாகத் தன் பந்துக்கு அடியிலேயே நின்றுகொண்டு. பயணிகள் ஜன்னல் வழியாக முதலில் பந்தைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள்.

"டிரைவரய்யா, கயித்த இழுக்கிறதோட அதையும் ஒரு இழு இழுத்துட்டு வாங்க. வேலைக்கு நேரமாச்சு" என்று ஒரு அம்மாள் கத்துவார்.

"அவரே ஒருநாள் இறங்கிருவாரு, பந்து இறங்காது" என்பார் இன்னொருவர்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மணந்துகொண்ட தங்குவோலே பால் பண்ணையில் பாலாடைக்கட்டிப் பிரிவில் வேலை பார்த்தவள், அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள். போட்டிக்கு மறுவாரம் பந்தைப் பார்க்க வந்த இடத்தில் அவரையும் பார்த்து, இரண்டில் இதுதான் கீழே இருக்கிறது என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். முப்பது வருஷமும் சாப்பாட்டு மேசையில் அவள் வாதம் மாறவில்லை. "பந்து விழல, அப்ப கூடையும் விழல. ஜெயிச்சது நாங்கதான். உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"

2019இல் நகராட்சி தன் புகழ்பெற்ற குடிமக்களுக்குப் பலகை வைக்கத் தொடங்கியது. ஸ்கைஸ்தே என்ற அதிகாரி பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேர் இங்கே பிறந்து வேறு ஊருக்கு ஓடியவர்கள், மீதிப் பேர் வேறு ஊரில் பிறந்து இங்கே ஓர் இரவு தங்கியவர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே இருந்து, பெயர் வாங்கிய ஒரே ஆள் ரிம்காவுதஸ்தான். அவரும் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுக் கிடைக்காததால்தான் இங்கே இருந்தார்.

செப்டம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, பந்துக்கு அடியில் விழா நடந்தது. பித்தளை வாத்தியங்கள் வந்தன. ஓய்வுபெற்ற ஓட்டுநர்களுக்கு முன்வரிசை. எழுபத்தெட்டு வயது ஸெனோனஸ் ஊதலோடும் கோப்பையோடும் வந்திருந்தார். பலகையின்மேல் இருந்த துணியை ஸ்கைஸ்தே விலக்கினாள். 'தன் தோழர்கள் தயங்கியபோது, துணிந்து வளையத்தைக் குறிவைத்தவர்' என்று அதில் பொறித்திருந்தது.

முன்வரிசையில் இருந்த வைதோதஸ் அதைப் படித்துவிட்டு எழுந்தார். கோபப்படவில்லை. தொப்பியைத் தலையில் வைத்து, கிளம்புவதற்காகக் கோட்டுப் பொத்தான்களைப் போடத் தொடங்கினார். அவருக்குத் தோள்பட்டை தேய்ந்திருந்ததால் ஒவ்வொரு பொத்தானுக்கும் நேரம் பிடித்தது. ரிம்காவுதஸ் அந்தப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தான் பாக்கி இருக்கும்போது மைக்கைப் பிடித்தார்.

"இது தப்பு. நான் வளையத்துக்கு எறியல. வைதோதஸுக்குத்தான் எறிஞ்சேன். கை நடுங்கிருச்சு. முப்பத்து மூணு வருஷமா சொல்ல வெக்கமா இருந்துச்சு. டேய் வைதோதஸ், அது உனக்குடா."

வாத்தியக்காரர்கள் இதைப் பேச்சின் முடிவு என்று நினைத்து இரண்டு அடி வாசித்துவிட்டு நிறுத்தினார்கள். அப்போது பந்து நகர்ந்தது. அவசரமில்லாமல் வளையத்தை விட்டு விலகி, மேயரின் தலைக்கு மேலாக வந்து, இறங்கி, வைதோதஸின் இரண்டு கைக்குள் சேர்ந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்று கொஞ்சம் குறைந்திருந்தது.

"ரெண்டு செகண்ட் இருக்கு" என்றார் ஸெனோனஸ்.

கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வைதோதஸுக்கு முன்னால் வளையம், தடுக்க ஆள் யாருமில்லை. கை காதுக்கு மேல் எழவில்லை. எழுந்த மட்டுக்கு எறிந்தார். பந்து வளையத்தின் விளிம்பில் ஒருமுறை சுற்றி, இன்னொரு அரைச்சுற்று யோசித்து, வெளியே விழுந்து வறுத்த ரொட்டி விற்பவரின் மேசைக்கு அடியில் உருண்டது. ஸெனோனஸ் ஊதினார். நீண்ட ஊதல், அவர் மூச்சு இருந்த மட்டுக்கும்.

பால் பண்ணை அணியில் உயிரோடு இருந்த மூன்று பேர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாலாவதாக தங்குவோலே போய்ச் சேர்ந்துகொண்டு, கோப்பையைக் கணவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். அவர் கைதட்டினார். பெஞ்சில் பழகியவர் என்பதால் அது நன்றாகவே வந்தது. பலகையைத் திருத்தவேண்டும் என்று ஸ்கைஸ்தே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை அது திரும்பவில்லை.

வைதோதஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். ரிம்காவுதஸ் இரண்டு குவளை கிராவும், அதாவது ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்யும் பானமும், ஒரு தட்டு வறுத்த ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாஸ் கொஞ்சம் உசரம்" என்றார் வைதோதஸ், ரொட்டியை மென்றுகொண்டே.

"கொஞ்சம்தான்."

"கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன்னு சொன்னேன்ல, கண்ணத் தொறந்தே விட்டுட்டேன்."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்."

"வெயிலே இல்லடா" என்று வைதோதஸ் சிரித்தார். பூண்டு தடவிய ரொட்டி தீர்ந்துபோனது, இன்னொரு தட்டு வாங்கினார்கள்.

திங்கட்கிழமைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், படகுப் போட்டிக்கும் சதுரங்கத்துக்கும் நடுவே ஒரு வரியில் முடிவு வந்திருந்தது. பால் பண்ணை 59, டிராலிபஸ் பணிமனை 58. ஆட்டம் நடந்த நேரம்: முப்பத்து மூன்று வருஷம், ஆறு மாதம், ஐந்து நாள். அச்சுப்பிழை என்று பத்திரிகைக்கு யாரும் எழுதவில்லை.