தனி கிளாஸ்

நிகோலாசா அக்காவின் பாரில் ஒரு மேசைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஒரு பீர் பாட்டில், ஒரே ஒரு கிளாஸ்தான். தனக்கு ஊற்றிக்கொண்டவன் பாட்டிலை அடுத்தவனிடம் தள்ளுவான். குடித்து முடித்ததும் மிச்ச நுரையைத் தரையில் உதறிவிட்டு கிளாஸையும் நீட்டுவான். பெருவின் மலைநகரமான எங்கள் வான்காயோவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வெனிசுலாக்காரன் யோர்மான் மட்டும் வந்த முதல் சனிக்கிழமையே தனி பாட்டில், தனி கிளாஸ் கேட்டு வாங்கிச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். முக்கில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். என் ஆட்டோவுக்கு எத்தனையோ தடவை ஒட்டுப் போட்டிருக்கிறான், நறுவிசான வேலை. ஆனால் பாரில் அந்தத் தனி கிளாஸைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்ம எச்சில் துரைக்கு ஆகாதாம் என்று நானும் என் மேசைக் கூட்டாளி ருஃபினோவும் அவன் காதுபடவே பேசுவோம். அவன் வறுத்த சோளத்தைக் கொறித்தபடி நாங்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

போன சனிக்கிழமை மதியம், அவன் வருவதற்கு முன், அக்கா எங்கள் மேசைக்கு வந்து நின்றாள். திங்கட்கிழமை பஸ்ஸில் யோர்மான் சிலிக்குக் கிளம்புகிறானாம். பிழைப்புக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆள் இல்லை என்று அவளிடம் சொன்னானாம்.

"போறான்னா போகட்டும்க்கா. நாங்களா துரத்துறோம்?" என்றேன்.

"வாய்யான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டியா நீ?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குள் அவனே வந்து வழக்கம்போல கிளாஸ் கேட்டான். பின்னால் அலமாரியில் இருபது கிளாஸ் அடுக்கியிருக்க, அக்கா கொஞ்சமும் கூசாமல் இல்லையென்றாள்.

"இருக்கிறது ஒண்ணுதான். தெயோஃபிலோ கையில இருக்கு, போய் வாங்கிக்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் குடித்து, நுரையை உதறி, கிளாஸை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வேணாம்ண்ணே. அப்புறம் நீங்க யாரும் இதுல குடிக்க மாட்டீங்க."

எனக்கு விளங்கவில்லை, ஏன் என்று கேட்டேன். பெருவுக்கு வந்து முதலில் தங்கிய ஊரில், ஒரு பாரில் இப்படித்தான் கிளாஸை நீட்டினார்களாம். அவன் குடித்துவிட்டுக் கொடுத்ததை அடுத்தவன் வாங்கி, வெளியே போய்ச் சாக்கடையில் எறிந்துவிட்டு வந்தானாம்.

"அதான் எங்க போனாலும் முதல்லயே தனியா கேட்டு வாங்கிக்குவேன். யாருக்கும் சங்கடம் வேணாமேன்னு."

நான் கூனிக் குறுகிப்போனேன். எட்டு மாதமாகத் திமிர் என்று வைதது இதைத்தான். ருஃபினோ நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். உட்காருடா என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

உட்கார்ந்தான், குடித்தான். குடித்த கையோடு சட்டை நுனியால் கிளாஸின் விளிம்பைத் துடைக்கப் போனான். முறைப்படி அது ருஃபினோவுக்குப் போகவேண்டிய கிளாஸ். நான் வெடுக்கென்று பிடுங்கி, நிறைய ஊற்றி, ஒரே மூச்சில் குடித்தேன். வரிசை தவறியதற்கு ருஃபினோ என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். யோர்மான் சிரித்தான். அவனுக்கு முன்பல் ஒன்று உடைந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை என் டயர்களில் ஒரு பழுதும் இல்லை. இருந்தாலும் முக்குவரை ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போனேன். கடை திறந்திருந்தது.