அப்பாவை எடுத்துடலாம்

விசா ஏற்பாடு செய்து தருபவர் ரப்பர் வளையத்தைக் கழற்றி இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மேசைமேல் பிரித்து வைத்தார். ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மற்றதை, சாப்பிட்டு முடித்த தட்டை நகர்த்துவதுபோல, விரல் நுனியால் அவர்கள் பக்கம் தள்ளினார்.

"அப்பாவை எடுத்துடலாம்மா. உங்கள மட்டும் போட்டா சுலபமா வந்துடும். ரெண்டு வருஷம் வரைக்கும் இருக்கலாம்."

"எங்கேர்ந்து எடுக்கணும்?" என்றாள் நர்ஸம்மா.

அவர் திகைத்துப்போய், "அப்ளிகேஷன்லேர்ந்துதான்மா" என்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் சத்தமாகச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவங்க ஆஸ்பத்திரிக்காரங்க. எடுத்துடலாம்னு சொன்னா, கையா காலான்னுதான் கேப்பாங்க."

ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். இன்றைக்கும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். கால் முறிந்து அவள் வேலை பார்த்த வார்டில் படுத்திருந்தபோது அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தவர், கல்யாணமாகி, ஒரு மகள் பிறந்து, அவளும் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகும் அதை விடவில்லை. முதல்முறை கேட்கும் சொந்தக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கு அதில் ஒரு குஷி. ஆனால் இன்று அவர் சிரித்த சிரிப்பு தொண்டைக்குக் கீழே போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தள்ளப்பட்ட பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். அது உள்ளே இறங்காமல் பாதி வெளியே நின்றது.

அவரை எடுக்கும்படி ஆனதற்குக் காரணம் அவள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நீண்ட நாள் தங்கும் விசாவுக்கு, மகள் இருக்கும் நாட்டுக் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். அதற்காகக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று ஏற்கெனவே பாடம் நடத்தியிருந்தார்கள். டிரைவர் இரண்டு கேள்விக்குள் தடுமாறி, "நீயே பேசு சிஸ்டர், என் ஒடம்ப என்னைவிட உனக்குத்தான் தெரியும்" என்று போனை நீட்டிவிட்டார். அவள் பேசினாள். வேலை முடிந்து கிளம்புகிற நர்ஸ், அடுத்து வருகிறவளிடம் நோயாளியை ஒப்படைப்பதுபோலப் பேசினாள். இதயத்தில் ஸ்டென்ட், சர்க்கரை, எந்த மாத்திரை எந்த வேளைக்கு, எது ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் சொன்னாள். வேறு ஏதாவது உண்டா என்று அந்தப் பெண் கேட்டதும், போன மாதம் குளியலறையில் மயங்கி விழுந்ததையும் சொன்னாள். மகளிடம் சொல்லிவிடாதே என்று அவர் கெஞ்சி வைத்திருந்த விஷயம் அது. ஒப்படைக்கும்போது எதையும் விழுங்கக் கூடாது. விழுங்கினால் இரவில் ஒரு உயிர் போகும். அப்படித்தான் அவள் பழகியிருந்தாள். அந்தப் பெண் கனிவாக நன்றி சொன்னாள். மறுநாளே, ஐயாவுக்குக் காப்பீடு தர இயலாது என்று பதில் வந்தது.

ஏற்பாட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் செல்போன் திரையில் மகளின் முகம் வீங்கியிருந்தது. பிரசவ மாதம் நெருங்கியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, எழுந்து நடமாடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை.

"மயக்கம் வந்ததெல்லாம் ஏம்மா சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"இல்லன்னு சொல்லணும்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வராங்க."

"வந்த எடத்துல விழுந்துட்டா? அப்ப அவன் கைய விரிச்சிட்டான்னா, நீ வீட்ட வித்துக் கட்டுவியா?"

மகள் முதுகுக்குப் பின்னால் தலையணையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, நீ மட்டுமாவது வா. அப்பாவ சித்தப்பா வீட்ல விட்டுடலாம்" என்றாள்.

"விட்டுடறதுக்கு அவர் என்னடி, சைக்கிளா?"

"நானா சட்டம் போட்டேன்? எங்கிட்ட ஏன் கத்தற? எனக்குப் பயமா இருக்கும்மா. ஊர்ல எவளெவளோ பிள்ள பெத்தப்பல்லாம் பக்கத்துல போய் நின்ன. எனக்கு வந்து நிக்க மாட்டியா?"

 போனை வைத்த பிறகு நர்ஸம்மா கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.  அம்மா அப்பா வந்து ஆற அமரத் தங்கட்டும் என்று அந்த நாட்டில் கதவைத் திறந்து வைப்பார்களாம். வாசலில் ஒருத்தர் நின்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் காதை வைத்துப் பார்ப்பாராம். பெற்ற பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கடல் தாண்டிக் காலூன்றி, தானும் ஒன்றைப் பெறுகிற வயது வரும்போது, பெற்றவர்களுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் கணக்குப் போடத் தெரியாதா? மகளை அவர்கள் எடுத்துக்கொண்டபோது இதையெல்லாம் கேட்கவில்லை. அவளுடைய படிப்பும் பல்லும் முதுகெலும்பும் சரியாக இருந்தன, வா என்றார்கள். அந்த முதுகெலும்பை நிமிர்த்தி அனுப்ப இங்கே ஒருவர் இருபத்துநான்கு மணி நேரமும் கியரைப் போட்டுப் போட்டு நெஞ்சைத் தேய்த்தாரே, அது யார் கணக்கில் சேரும்? பழுதானதை விட்டுவிட்டு நல்லதைப் பொறுக்கிக்கொள்ள இது காய்கறிக் கடையா?

ஆனால் சட்டத்துக்கு முகம் இல்லை. போய்ச் சட்டையைப் பிடிக்க முடியாது. முகம் இருப்பவர்கள் மகளும், ஏற்பாட்டுக்காரரும், டிரைவரும்தான். அதனால் கோபமெல்லாம் இவர்கள்மேலேயே போய் விழுந்தது. விழுந்த பிறகு இன்னும் அதிகமாக எரிந்தது.

மறுநாள் காலை டிரைவர் தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஏறும்போதே, கேட்காதவருக்கும் கேட்கும்படி, எதிர்வீட்டுக்காரரிடம் அரசியல் பேசிக்கொண்டு வந்தார். திருப்பத்தில் நின்று சுவரில் இருந்த விரிசலை வெகுநேரம் ஆராய்ந்தார். கதவுக்குப் பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று நினைத்தாலும் அவர் மூச்சை அவள் மனம் எண்ணியது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல."

"நடிக்காதீங்க."

"போய்ட்டு வா சிஸ்டர். நான் என்ன கைக்குழந்தையா? பிள்ள தனியா பயந்துக்கிட்டு கெடக்குது."

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எழுந்துக்கறேன்."

"போன தடவ நீங்களா எழுந்தீங்க?"

அவர் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "அதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" என்று மெல்லக் கேட்டார். கேலியாகத்தான் கேட்க நினைத்திருப்பார். அப்படி வரவில்லை. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பொய்யைத்தான் அவளிடம் கேட்கிறார்கள். கம்பெனியிடம் சொல்லத் தவறியதை, இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள்: அவருக்கு ஒன்றும் ஆகாது.

ஆனாலும் விசாவுக்குக் கைரேகை கொடுக்கும் நாளன்று கிளம்பினாள். மகளின் வீங்கிய முகம் அவளைக் கிளப்பியது. டிரைவரும் கூடவே வந்தார். மனு போட்டவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று காவலாளி அவரை வாசலில் நிறுத்திவிட்டார். வெளியே நிழலும் இல்லை, உட்கார ஒரு பலகையும் இல்லை. அவரைப்போலவே விடப்பட்டவர்கள் சிலர் மதிலோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே குளிர்ந்த கூடத்தில், வரிசை வரிசையாக, வயதானவர்கள். எல்லோரும் நல்ல உடையில், முதுகை நிமிர்த்தி, இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. ஒரு கிழவர் எழும்போது முழங்காலைப் பிடிக்கப் போய், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

அவள் கண்ணாடிச் சுவரோரமாக உட்கார்ந்தாள். வெளியே ஒரு வேன் குறுகிய இடத்துக்குள் பின்னால் போகத் திணறிக்கொண்டிருந்தது. மதிலோரம் நின்ற டிரைவரால் பொறுக்க முடியவில்லை. தெருவில் இறங்கி, "ஒடிச்சு வா, வா, வா, நேரா விடு" என்று வழிகாட்ட ஆரம்பித்தார். கண்ணாடியைத் தாண்டியும் அந்தக் குரல் கேட்டது. மதிலோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். வலது கை காற்றில் வளைந்து வளைந்து வேனைக் கூப்பிட்டது. இடது கை மெதுவாக எழுந்து சட்டைப்பைக்குக் கீழே நெஞ்சில் போய் அழுந்தியது. அதன் பிறகு குரல் வரவில்லை. வலது கை மட்டும் வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய டோக்கன் எண்ணை அறிவித்தார்கள். அவள் எழுந்தாள். வாசல் பக்கம் போனாள்.

"வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டோம்மா. அப்புறம் புதுசாத்தான் போடணும்" என்றார் காவலாளி.

எண்ணை இரண்டாம்முறை அறிவித்தார்கள். அவள் உள்ளங்கை கதவுக் கண்ணாடியில் பதிந்திருந்தது. இந்தப் பக்கம் எல்லாமே குளிர்ந்திருக்க, கண்ணாடி மட்டும் சுட்டது. வெளியே வேன் சரியாக இடத்தில் போய் நின்றுவிட்டது. அதன் ஓட்டுநர் இறங்கி நன்றி சொல்லக் கையை நீட்டினார். வெயிலில் உயர்ந்து நின்ற கணவரின் வலது கை இன்னும் கீழே இறங்கவில்லை.